பரம்பரைப் புற்றுநோய்ச் சோதனை: முதலில் யாருடைய ரத்தம்?

அம்மாவுக்கு 42 வயதில் மார்பகப் புற்றுநோய். சித்தியும் அதே நோயில் போனவர். மகளுக்கு 30, பினாங்கின் பிறை பக்கம் ஃபேக்டரி வேலை. சேர்த்து வைத்த காசை எடுத்துக்கொண்டு போய் மகள் மரபணுச் சோதனைக்கு ரத்தம் கொடுக்கிறாள். சில வாரம் கழித்து "குறை எதுவும் இல்லை" என்று தாள் வருகிறது. வீட்டில் எல்லோருக்கும் போன உயிர் திரும்பி வருகிறது.

அந்தத் தாளை நம்பி யாரும் நிம்மதியாக இருக்க முடியாது. அம்மாவிடம் ஒரு பழுதான மரபணு இருந்து, மகளுக்கு அது வராமல் போயிருக்கலாம். அப்படியானால் நல்ல செய்திதான். ஆனால் அம்மாவிடம் இருக்கும் பழுது அந்தச் சோதனை பார்க்காத மரபணுவிலோ, அந்த முறையில் அகப்படாத இடத்திலோ இருக்கலாம். அப்போது மகளிடமும் அது இருக்கக்கூடும். அம்மாவின் நோய்க்கும் பரம்பரைக்கும் சம்பந்தமே இல்லாமலும் இருக்கலாம். இந்த மூன்றில் எது என்று மகளின் ரத்தம் மட்டும் சொல்லாது. அம்மாவின் ரத்தத்தில் பழுது அகப்பட்டால், முதலாவதுதான் என்று தெரிந்துவிடும். "அதான் நோய் வந்துருச்சே, இனி அம்மாவுக்கு எதுக்குச் சோதனை" என்று மலேசியாவின் பேராக் மாநிலத்தில், இங்கே சுங்கை சிப்புட் பக்கம் பல வீடுகளில் விட்டுவிடுகிறார்கள். அந்த வீட்டில் முதலில் ஊசி குத்தவேண்டியது அவருக்குத்தான். நோய் வந்தவர்களில் இளம் வயதில் வந்தவர் யாரோ, உயிரோடு இருப்பவர் யாரோ, அவரிடமிருந்து தொடங்க வேண்டும்.

அவர் உடல்நிலை மோசமாக இருந்தால் இன்னும் அவசரம். சிகிச்சை முடிந்து பார்க்கலாம், தீபாவளி கழித்துப் பார்க்கலாம் என்று தள்ளக்கூடாது. சோதனைக்கு இப்போது காசு இல்லை என்றாலும், ரத்தத்தில் இருந்து டிஎன்ஏ பிரித்து எடுத்து வைக்க முடியுமா என்று சிகிச்சை தரும் டாக்டரிடம் கேளுங்கள். இறந்தபின் மிஞ்சுவது அறுவையில் எடுத்து மெழுகில் பதித்து வைத்த திசுத் துண்டு மட்டும்தான். அதில் டிஎன்ஏ சிதைந்திருக்கும். சில சமயம் பலன் கிடைக்கும், பல சமயம் கிடைக்காது.

எல்லாப் புற்றுநோயும் பரம்பரை இல்லை. ஒற்றை மரபணுப் பழுதால் வருவது மொத்தத்தில் 5 முதல் 10 விழுக்காடுதான். அதனால்தான் எல்லோருக்கும் சோதனை எடுக்கச் சொல்வதில்லை. யாருக்கு எடுக்கலாம் என்பதைக் குடும்ப வரலாறுதான் காட்டிக்கொடுக்கும். அதற்கு ஒரு காசு செலவில்லை.

பெரிய தாள் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். பெண்களுக்கு வட்டம், ஆண்களுக்குச் சதுரம். இறந்தவர் மேல் சாய்வாக ஒரு கோடு. புற்றுநோய் வந்தவரின் கட்டத்தைக் கருப்பாக்குங்கள். மூன்று தலைமுறை வேண்டும்: நீங்கள், உடன்பிறப்புகள், அம்மா, அப்பா, அவர்களுடைய உடன்பிறப்புகள், தாத்தா, பாட்டி. அம்மா வழி ஒரு பக்கம், அப்பா வழி மறுபக்கம். இரண்டையும் கலக்காதீர்கள். மார்பக நோய் என்றதும் அம்மா வழியை மட்டும் கேட்டு நிறுத்திவிடுகிறார்கள். அப்பாவிடம் பழுது இருந்தாலும் பிள்ளைக்குப் போக அதே சரிபாதி வாய்ப்புதான். அப்பாவுக்கு நோய் வராமலே இருந்து, அத்தைகளுக்கு வந்திருக்கும். அத்தைகளைக் கேட்காவிட்டால் அது தெரியவே தெரியாது.

நம் குடும்பங்களில் மாமன் மகளையோ அக்காள் மகளையோ கட்டியிருப்பார்கள். அந்தத் திருமணத்துக்கு இரட்டைக் கோடு போடுங்கள், டாக்டரிடம் தயங்காமல் சொல்லுங்கள். காரணம் இருக்கிறது. பழுதானால் மார்பக, சினைப்பைப் புற்றுநோய்க்கு வழிவிடும் பிஆர்சிஏ மரபணுக்களில் ஒன்று பிஆர்சிஏ2. அதன் பழுது கணவன் மனைவி இருவரிடமும் இருந்து, இரண்டு பிரதியும் பழுதாக ஒரு பிள்ளைக்குப் போனால் ஃபான்கோனி ரத்தசோகை என்ற கடுமையான நோய் வரலாம். பழுதானால் பெருங்குடல், கர்ப்பப்பைப் புற்றுநோய்க்கு வழிவிடும் லிஞ்ச் மரபணுக்களிலும் அப்படியே. இரண்டு பிரதியும் பழுதானால் சிறு வயதிலேயே புற்றுநோய் வரலாம்.

ஒவ்வொருவருக்கும் மூன்று விவரம் வேண்டும்: எந்த உறுப்பில் தொடங்கியது, எத்தனை வயதில் கண்டுபிடித்தார்கள், எங்கே சிகிச்சை பார்த்தார்கள். இறந்த வயது போதாது, கண்டுபிடித்த வயது முக்கியம். பழைய தலைமுறையின் ஐசியில் பிறந்த ஆண்டு தோராயமாகப் போட்டிருக்கும். ஜப்பான்காரன் காலத்தில் நடக்கிற குழந்தையா, 1948இல் இங்கே துரைமார்களைச் சுட்டு அவசரகாலம் வந்தபோது பள்ளிக்கூடம் போனவரா, 1969 கலவரத்தின்போது கல்யாணம் ஆகியிருந்ததா என்று கேட்டால் ஐந்து வருடத்துக்குள் வயதைப் பிடித்துவிடலாம். அது போதும்.

உறுப்புதான் கஷ்டம். லயத்து வீட்டிலேயே இறந்தவர்களின் மரணப் பத்திரத்தில் 'சாக்கிட் துவா' என்று மட்டும் இருக்கும்; முதுமை என்று எழுதினால் எதுவும் விளங்காது. "வயிறு வீங்கிச் செத்தாங்க" என்பார்கள். பெண்ணாக இருந்து, ஐம்பதை ஒட்டிய வயதில், சில மாதங்களில் வயிற்றில் நீர் கோத்து இறந்திருந்தால் சினைப்பைப் புற்றுநோயைச் சந்தேகிக்க வேண்டும். குடிப்பழக்கமுள்ள ஆண் என்றால் கல்லீரல் கெட்டும் அப்படி ஆகும். "எலும்புல கேன்சர்", "மூளையில கேன்சர்" என்றால் பெரும்பாலும் வேறெங்கோ தொடங்கிப் பரவியது. முதலில் மார்பில் கட்டி இருந்ததா என்று கேளுங்கள். "மூலம்னு வைத்தியம் பாத்தோம், கடைசில குடல்ல கட்டின்னாங்க" என்பதும் அடிக்கடி வரும் பதில். அதைப் பெருங்குடல் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

கர்ப்பப்பை என்று சொன்னால் அங்கேயே விட்டுவிடாதீர்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் எச்பிவி வைரஸ். இங்கே பேசும் பரம்பரைக் கணக்கில் அது சேராது. கர்ப்பப்பையின் உள்சுவரில் வருவது லிஞ்ச் குறைபாட்டின் அடையாளமாக இருக்கலாம். சினைப்பையில் வருவது பிஆர்சிஏ அல்லது லிஞ்ச் பழுதைக் காட்டலாம். மூன்றுக்கும் உறவினர்கள் ஒரே பெயர்தான் சொல்வார்கள். கதிர்வீச்சு வைத்தார்களா, வயிற்றைத் திறந்து அறுத்தார்களா என்ற கேள்விகள் கொஞ்சம் உதவும். உறுதியாகத் தெரிய திசு ஆய்வு அறிக்கைதான் வழி. பழைய கோப்புகளை மருத்துவமனைகள் காலத்துக்கும் வைத்திருப்பதில்லை. இறந்தவரின் ஐசி எண், மரணப் பத்திரம், உறவைக் காட்டும் பிறப்புப் பத்திரம் மூன்றையும் எடுத்துக்கொண்டு பதிவேட்டுப் பிரிவுக்குச் சீக்கிரம் போங்கள்.

வெற்றிலை, பாக்கு, புகையிலை போட்ட பாட்டிக்கு வாயில் வந்த புற்றுநோயையும், சம்சு குடித்தவருக்குத் தொண்டையில் வந்ததையும் பதிவு செய்யுங்கள், ஆனால் அவற்றை வைத்துப் பயப்படாதீர்கள். நம் தோட்டப்புற மக்களிடம் வாய்ப் புற்றுநோய் அதிகம் இருப்பதற்குக் காரணம் அந்தப் பழக்கம்தான்.

தோட்டம் வீடமைப்புத் திட்டமாக மாறியபின் சொந்தங்கள் கிள்ளான், ஷா ஆலம், ஜொகூர் பாரு, சிங்கப்பூர் என்று சிதறிவிட்டார்கள். எல்லோரும் ஒன்றுகூடுவது கல்யாணத்திலும் காரியத்திலும்தான். பெரியம்மா, அத்தை, பெரிய மாமா மூவரும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் தாளை விரித்தால் ஒருவர் மறந்ததை இன்னொருவர் எடுத்துக்கொடுப்பார். தொலைபேசியில் தனித்தனியாகக் கேட்டு இது தேறாது.

தாள் முடிந்ததும் இவற்றைத் தேடுங்கள். 45 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய். எந்த வயதிலும் சினைப்பைப் புற்றுநோய். ஆணுக்கு மார்பகப் புற்றுநோய். இரண்டு மார்பிலும் தனித்தனியாக வந்தது. திசு அறிக்கையில் 'டிரிப்பிள் நெகட்டிவ்' என்று எழுதியிருக்கும் மார்பகப் புற்றுநோய் வகை. ஒரே பக்கத்தில் இரண்டு மூன்று பேருக்கு மார்பகம், சினைப்பை, கணையம், அல்லது பரவிய புராஸ்டேட் புற்றுநோய். 50 வயதுக்குள் பெருங்குடலிலோ கர்ப்பப்பை உள்சுவரிலோ வந்தது. இதில் ஒன்று இருந்தாலும் டாக்டரிடம் பேசக் காரணம் இருக்கிறது. பெருங்குடல் விஷயத்தில் மரபணுச் சோதனைக்கு முன்பே மலிவான ஒரு படி உண்டு: அறுத்தெடுத்த கட்டியில் ஐஎச்சி என்ற சாயச் சோதனை செய்து, லிஞ்ச் மரபணுக்கள் உண்டாக்கும் எம்எல்எச்1, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6, பிஎம்எஸ்2 ஆகிய நான்கு புரதங்களும் இருக்கின்றனவா என்று பார்ப்பது. திசு அறிக்கையிலேயே அது இருக்கலாம், முதலில் அதைப் படியுங்கள்.

இனி காசு. மலேசியக் குடிமக்களுக்கு கிளினிக் கெசிஹாத்தான் எனும் அரசாங்கச் சுகாதார நிலையத்தில் 1 ரிங்கிட், அரசாங்க மருத்துவமனையின் நிபுணர் கிளினிக்கில் 5 ரிங்கிட். தனியார் கிளினிக்கின் கடிதத்தோடு நிபுணரிடம் போனால் முதல் முறை 30 ரிங்கிட். ஆகவே ஊரிலுள்ள கெசிஹாத்தானிலேயே கடிதம் வாங்குங்கள். நோயாளி ஏற்கெனவே ஈப்போ பைனுன் மருத்துவமனையில் சிகிச்சை பெறுகிறார் என்றால் அந்த டாக்டரே கடிதம் எழுதலாம். மரபியல் நிபுணர்கள் நாட்டில் குறைவு. பெரும்பாலும் கோலாலம்பூர் மருத்துவமனை, மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம் போன்ற பெரிய இடங்களில்தான் இருக்கிறார்கள். சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ சுமார் 30 கிலோமீட்டர், கோலாலம்பூர் போய்வர ஒரு நாள் சம்பளம் போய்விடும். அதனால் சிகிச்சை தரும் டாக்டரே ஆலோசனை சொல்லி ரத்தம் அனுப்ப முடியுமா என்று முதலில் கேளுங்கள். 2001இல் தொடங்கிய கேன்சர் ரிசர்ச் மலேசியா, சினைப்பைப் புற்றுநோய் நோயாளிகளுக்காக 'மேஜிக்' என்ற ஆய்வின் வழி டாக்டர்களுக்கு இந்தப் பயிற்சியைக் கொடுத்தது. மார்பகப் புற்றுநோய் வந்த ஆசியப் பெண்களிடம் பிஆர்சிஏ பழுது இருக்கும் வாய்ப்பைக் கணக்கிட 'அரிக்கா' என்ற கருவியையும் அதன் ஆய்வாளர்கள் உருவாக்கினார்கள். மேற்கத்திய கணக்குகளைவிட நம் பெண்களுக்கு அது பொருத்தம்.

5 ரிங்கிட் என்பது டாக்டரைப் பார்க்கும் கட்டணம். ரத்தத்தை ஆய்வகத்துக்கு அனுப்பும் செலவும் அதில் அடக்கம் என்று நினைத்துப் போகாதீர்கள். துறையின் நிதி, ஆய்வுத் திட்டம், மருந்துக்குத் தகுதி பார்ப்பதற்கான உதவி என்று வழிகள் உண்டு. இல்லையென்றால் மருத்துவமனையின் சமூகப் பணிப் பிரிவில் கேட்க வேண்டும். தனியாரில் பல மரபணுக்களை ஒன்றாகப் பார்க்கும் பேனலுக்கு ஆயிரத்துச் சொச்சத்திலிருந்து சில ஆயிரம் ரிங்கிட் வரை ஆகும். 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். ஒரு தொழிலாளிக்கு பேனலின் விலை ஒரு மாதத்து உழைப்போ அதற்கும் மேலோ. இபிஎஃப் எனும் ஊழியர் சேமநிதிப் பணத்தில் ஃபிளெக்சிபல் கணக்கிலிருந்து குறைந்தது 50 ரிங்கிட் என்று எந்தக் காரணத்துக்கும் எடுக்கலாம் என்பதால் சிலர் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

இந்த விலையே பெரிய இறக்கம்தான். அமெரிக்காவில் ஒரே நிறுவனம் பிஆர்சிஏ மரபணுக்களுக்குக் காப்புரிமை வைத்திருந்த காலத்தில் சோதனைக்கு 3,000 டாலருக்கு மேல் வாங்கினார்கள். இயற்கையான மரபணுவுக்குக் காப்புரிமை கிடையாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2013 ஜூனில் தீர்ப்பளித்தது. பல ஆய்வகங்கள் போட்டிக்கு வந்தன.

குடும்பத்துக்கு ஆகும் மொத்தச் செலவு நோயாளியின் முடிவைப் பொறுத்தது. அவரிடம் பழுது எங்கே என்று தெரிந்துவிட்டால், மற்றவர்களுக்கு அந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்தால் போதும். தடித்த புத்தகம் முழுவதையும் எழுத்தெண்ணிப் படிப்பதற்கும், பக்கமும் வரியும் தெரிந்து புரட்டிப் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். செலவு பல மடங்கு குறையும். சில ஆய்வகங்கள் குறிப்பிட்ட காலத்துக்குள் வந்தால் நெருங்கிய உறவினருக்கு இலவசமாகவே செய்கின்றன. அந்தக் காலக்கெடுவை ரத்தம் கொடுக்கும் நாளிலேயே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இந்த நிலையில் வரும் "இல்லை" உண்மையான இல்லை. அதை நம்பலாம்.

காசு கட்டுவதற்கு முன் ஆய்வகத்திடம் கேட்க வேண்டியவை: எந்தெந்த மரபணுக்கள்? பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2, பால்பி2, டிபி53, லிஞ்ச் மரபணுக்கள் உண்டா? எழுத்துகளைப் படிப்பதோடு, மரபணுவின் பெரிய துண்டு விடுபட்டதையும் இரட்டிப்பானதையும் பார்க்கிறார்களா? இதைப் பார்க்காத மலிவுச் சோதனைகள் சில பழுதுகளைத் தவறவிடும். முடிவை விளக்கப்போவது யார்? அதற்குத் தனிக் கட்டணமா?

இணையத்தில் வாங்கும் எச்சில் பெட்டிகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அப்படியொரு சோதனை பிஆர்சிஏவில் மூன்றே மூன்று மாற்றங்களைத்தான் பார்த்தது. மூன்றுமே அஷ்கெனாசி யூதர்களிடம் அதிகம் காணப்படுபவை. அவற்றில் ஒன்றான பிஆர்சிஏ1 185டெல்ஏஜி தென்னிந்தியக் குடும்பங்களிலும் இருக்கிறது. ஆனால் நம்மவர்களிடம் இருக்கும் மற்ற எத்தனையோ பழுதுகளை அது தொடுவதே இல்லை. டவுனில் உள்ள ரத்தப் பரிசோதனைக் கடைகள் 'கேன்சர் பேக்கேஜ்' என்று விற்பதும் மரபணுச் சோதனை இல்லை. கட்டியின் அடையாளமாக ரத்தத்தில் பார்க்கும் சிஏ125, சிஇஏ போன்ற அளவுகள் பரம்பரையைப் பற்றி எதுவும் சொல்லாது.

ரத்தம் எடுப்பது எளிது. ஊதா மூடிக் குழாயில் சில மில்லி, பட்டினி வேண்டாம். கெமோ நடக்கும்போதும் எடுக்கலாம். சமீபத்தில் ரத்தம் ஏற்றியிருந்தால் சொல்லுங்கள். எலும்பு மஜ்ஜை மாற்றியவர்களின் ரத்தத்தில் இருப்பது கொடுத்தவரின் டிஎன்ஏ. அவர்களுக்குத் தோலில் இருந்து எடுக்க வேண்டும். எச்சில் என்றால் அரை மணி நேரம் முன்பிருந்து சாப்பாடு, தண்ணீர், வெற்றிலை எதுவும் கூடாது. கட்டியில் செய்யும் மரபணுச் சோதனை வேறு. கட்டியில் மட்டும் தோன்றிய பழுது பிள்ளைகளுக்குப் போகாது.

முடிவு மூன்று விதமாக வரும். பழுது உண்டு, இல்லை, அல்லது விளைவு தெரியாத மாற்றம். மூன்றாவதை டாக்டர்கள் வியுஎஸ் என்பார்கள். உலகத் தரவுகளில் பெரும்பகுதி ஐரோப்பியர்களுடையது என்பதால் நம்மவர்களுக்கு இந்த முடிவு அதிகம் வருகிறது. பேனலில் மரபணுக்கள் கூடக் கூட இதுவும் கூடும். வியுஎஸ்ஸை வைத்து மார்பை எடுப்பதோ, சினைப்பையை எடுப்பதோ, தங்கை தம்பிக்குச் சோதனை எடுத்து முடிவு சொல்வதோ கூடவே கூடாது. பிற்காலத்தில் மறுவகைப்படுத்தும்போது பெரும்பாலானவை தீங்கற்றவை என்றே தெரியவருகின்றன. ஓரிரு வருடத்துக்கு ஒருமுறை கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள், தொலைபேசி எண் மாறினால் தெரிவியுங்கள்.

பழுது உண்டு என்று வந்தால் அளவு இது: 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு பிஆர்சிஏ1இல் சுமார் 72 விழுக்காடு, பிஆர்சிஏ2இல் 69. சினைப்பையில் முறையே 44, 17. பெரும்பாலும் மேற்கத்தியக் குடும்பங்களைத் தொடர்ந்து பார்த்து 2017இல் வெளிவந்த கணக்கு. ஆண்களுக்கும், குறிப்பாக பிஆர்சிஏ2இல், புராஸ்டேட், மார்பக, கணையப் புற்றுநோய் ஆபத்து உண்டு. நோய் வந்தவருக்கும் பலன் இருக்கிறது: ஒலாபரிப் போன்ற மருந்துக்கு அவர் தகுதியானவரா என்பது இதில் தெரியும். மருந்து விலை அதிகம், அதற்கான உதவித் திட்டத்தையும் சேர்த்தே கேளுங்கள்.

அறிக்கையில் அந்த மாற்றத்தின் முழுக் குறியீடு இருக்கும். உறவினர்களுக்கு அந்தப் பக்கத்தின் நகல்தான் தேவை. "எங்க வீட்ல பாசிட்டிவ்" என்று வாட்ஸ்அப்பில் சொன்னால் சிங்கப்பூர் ஆய்வகத்துக்கு அது பயன்படாது. சொல்லாமல் மறைக்கும் வீடுகள் உண்டு. மகளுக்கு வரன் பார்க்கும் நேரம், பேச்சு வெளியே போனால் இடம் கலைந்துவிடும் என்ற பயம். அந்தப் பயத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. ஆனால் மறைப்பதால் அக்காள் மகளின் உயிர் போகலாம். பெயர் போடாமல் உறவினருக்குக் கொடுக்கும் கடிதத்தை கிளினிக்கில் எழுதித் தரக் கேளுங்கள்; நேரில் சொல்ல வாய் வராதவர்களுக்கு அது உதவும். பிஆர்சிஏ சோதனையைப் பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு எடுக்க வேண்டாம்.

இன்சூரன்ஸ் வாங்க எண்ணமிருந்தால் அதை ரத்தம் கொடுப்பதற்கு முன் யோசியுங்கள். அமெரிக்காவில் 2008இல் வந்ததுபோல மரபணுப் பாகுபாட்டைத் தடுக்கும் தனிச் சட்டம் இங்கே இல்லை, அங்கேயும் அது ஆயுள் காப்பீட்டை உள்ளடக்கவில்லை. விண்ணப்பத்தில் குடும்ப நோய் பற்றிக் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். மறைத்து வாங்கிய பாலிசி பணம் கேட்கும் நாளில் கைவிட்டுவிடும்.

பிஆர்சிஏ பழுதுள்ள பெண்ணுக்கு வழக்கமான திட்டம்: 25 வயதிலிருந்து வருடம் ஒருமுறை மார்பக எம்ஆர்ஐ, 30 வயதிலிருந்து மெமோகிராமும் சேர்த்து. சினைப்பைக்கு ஸ்கேனும் சிஏ125உம் நம்பகமான காவல் இல்லை. அதனால்தான் பிள்ளைப்பேறு முடிந்ததும் சினைப்பையையும் குழாய்களையும் எடுக்கச் சொல்கிறார்கள், பிஆர்சிஏ1 என்றால் 35 முதல் 40 வயதுக்குள், பிஆர்சிஏ2 என்றால் 40 முதல் 45க்குள். லிஞ்ச் என்றால் 20, 25 வயதிலிருந்தே ஓரிரு வருடத்துக்கு ஒருமுறை பெருங்குடல் கேமரா சோதனை. தனியாரில் எம்ஆர்ஐ ஒவ்வொரு வருடமும் எடுப்பது பெரும்பாலான குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகாது, அரசாங்க மருத்துவமனையில் பதிந்துவிடுங்கள். தேதி வாங்கும்போது மாதவிடாய் தொடங்கிய 7ஆம் நாளுக்கும் 15ஆம் நாளுக்கும் இடையில் விழும்படி கேளுங்கள். மற்ற நாட்களில் எடுத்தால் மார்புத் திசு தானாகவே பளிச்சென்று தெரிந்து, இல்லாத கட்டிக்குப் பயாப்சி வரை போக நேரிடும். சுழற்சி தள்ளிப்போனால் அதற்கு முந்தைய வாரமே அழைத்துத் தேதியை மாற்றிக்கொள்ளுங்கள்.